புரோமெத்தீஸ் அறிக்கை: சிவப்புக் கட்டத்தைப் பார்த்ததும் பதறாதீர்கள்

எச்சில் குழாயை அனுப்பி, 23அண்ட்மீ போன்ற மரபணுச் சோதனை நிறுவனம் தரும் வண்ண அறிக்கையோடு திருப்தி அடையாதவர்கள் அடுத்துத் தேடிப் போகும் இடம் புரோமெத்தீஸ். அந்த நிறுவனத்திலிருந்து இறக்கிய மூலத் தரவுக் கோப்பை ஏற்றினால், எஸ்என்பீடியா என்ற விக்கியில் உள்ள ஆய்வுக் குறிப்புகளோடு உங்கள் மரபணு எழுத்துகளை (ஏ, சி, ஜி, டி) பொருத்திக் காட்டும். கட்டணம் 12 டாலர். காசுக்கு மேலேயே சரக்கு இருக்கிறது. எதை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்பதை மட்டும் நாம்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கோப்பையே திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் நான்கு பத்தி: ஆர்எஸ் எண் (மாறுபாட்டின் அடையாள எண்), குரோமோசோம், அதில் உள்ள இடம், இரண்டு எழுத்து (தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று). எழுத்துக்குப் பதில் இரண்டு கோடு இருந்தால் அந்த இடத்தைச் சிப் (எச்சிலில் உள்ள டிஎன்ஏவைப் படிக்கும் தகடு) படிக்கவில்லை என்று பொருள். 23அண்ட்மீயின் ஐந்தாம் பதிப்புச் சிப் ஏறத்தாழ 6.4 லட்சம் இடங்களைப் பார்க்கிறது. மனித மரபணுத் தொகுதியோ 300 கோடி எழுத்து. சுமார் 4,700 எழுத்துக்கு ஒன்றைத்தான் எட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

அறிக்கையில் எல்லாரும் முதலில் இடறி விழுவது 'மேக்னிட்யூட்' எண்ணில். 0 முதல் 10 வரை போகும். இது ஆபத்தின் அளவு அல்ல. படிக்க எவ்வளவு சுவாரசியம் என்று விக்கி ஆசிரியர்கள் போட்ட மதிப்பெண். 3க்குக் கீழே உள்ளதை வடிகட்டிவிட்டால் குப்பையில் பெரும்பகுதி போய்விடும். கெடுதல் என்று குறிக்கும் சிவப்புக் கட்டத்தில் '1.3 மடங்கு' என்று வந்தால், எதன் 1.3 மடங்கு என்று கேளுங்கள். நூறில் பத்துப் பேருக்கு வருவது ஏறக்குறைய பதின்மூன்று பேராகும், அவ்வளவுதான். அந்த எண்ணும் பெரும்பாலும் ஐரோப்பியரை வைத்துக் கிடைத்தது. நம்மவர்களிடம் அந்த எழுத்து எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று அறிய, ஆர்எஸ் எண்ணை என்செம்பிள் என்ற மரபணுத் தரவுத் தளத்தில் போட்டு எஸ்டியு வரிசையைப் பாருங்கள். பல நாட்டு மக்களின் மரபணுவைத் தொகுத்த 1000 ஜீனோம் திட்டத்தில், பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்களின் மாதிரி அது.

அடுத்த வில்லங்கம் இழை. டிஎன்ஏவில் ஒன்றுக்கொன்று எதிராக இணையும் இரண்டு இழைகள் உண்டு. எந்த இழையைப் படித்தார்கள் என்பதைப் பொறுத்து ஏ என்பது டி ஆகும், ஜி என்பது சி ஆகும். ஃபோலேட் வைட்டமினைக் கையாளும் எம்டிஎச்எஃப்ஆர் மரபணுவின் ஆர்எஸ்1801133ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக் கட்டுரைகளில் சி, டி. 23அண்ட்மீ கோப்பில் ஜி, ஏ. கோப்பில் ஜிஜி என்றால் கட்டுரையின் சிசி, அதாவது சாதாரணம். புரோமெத்தீஸ் இதைத் தானே திருப்பிக்கொள்கிறது. கையால் தேடுகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். (இந்த மரபணுவை வைத்து வைட்டமின் விற்கிறவர்களிடம் ஜாக்கிரதை. ரத்தம் உறைதல், கருச்சிதைவு காரணங்களைத் தேட இதைச் சோதிக்கவே வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2013இலேயே சொல்லிவிட்டது.)

உண்மையான ஆபத்து அரிய மாறுபாடுகளில். சிப் ஒவ்வோர் இடத்திலும் ஒளியை அளந்து, ஆட்களை மூன்று புள்ளிக் கூட்டங்களாகப் பிரிக்கிறது: மாறுபாடு இல்லாதவர், ஒரு பிரதி உள்ளவர், இரண்டு பிரதி உள்ளவர். ஏறக்குறைய யாரிடமும் இல்லாத மாறுபாடு என்றால் ஒரே கூட்டம்தான் இருக்கும். சற்று விலகி விழுந்த ஒரு புள்ளியை மென்பொருள் 'மாறுபாடு உண்டு' என்று எழுதிவிடும். 2021இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த ஆய்வில், லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவான மாறுபாடுகளைச் சிப் 'உண்டு' என்றபோது, எழுத்துகளை நேரடியாக வாசிக்கும் வரிசைப்படுத்தலில் உறுதியானது 16 சதவீதம்தான். ஆகவே பிஆர்சிஏ (மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தோடு தொடர்புள்ள மரபணுக்கள்) என்று சிவப்பில் வந்தால், புதிதாக ரத்தம் கொடுத்து, மருத்துவப் பரிசோதனைக்கூடத்தில் அந்த ஓர் இடத்தை மட்டும், எழுத்தெழுத்தாக வாசிக்கும் சாங்கர் முறையில் சரிபார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சே வேண்டாம்.

'இல்லை' என்று வந்தாலும் நிம்மதிக்கு இடமில்லை. 23அண்ட்மீக்கு 2018இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்த மூன்று பிஆர்சிஏ மாறுபாடுகளும் அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி) யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. தமிழ்க் குடும்பத்துக்கு அதனால் பயன் மிகக் குறைவு. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கடத்தியா என்று அறிய, சிப்பை விட ரத்த அணு எண்ணிக்கையும், எச்பிஎல்சி என்ற ஆய்வக முறையில் பார்க்கும் எச்பி ஏ2 (ஒரு வகை ஹீமோகுளோபின்) அளவும் மேல். ஏ2 3.5 சதவீதத்தைத் தாண்டினால் துணைவருக்கும் சோதனை தேவை.

அறிக்கையில் கைக்கு உதவுவது மருந்துப் பகுதி. ஆர்எஸ்4244285இல் ஏஏ வந்தால், இதய ஸ்டென்ட்டுக்குப் பின் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் குளோபிடோக்ரல் மாத்திரை உடலில் சரியாகச் செயல்வடிவம் பெறாது. தெற்காசியர்களிடம் இந்த ஏ பரவலாக உண்டு, அதுவும் அரிய மாறுபாடு அல்ல என்பதால் சிப் இதை நன்றாகவே படிக்கும். மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள். அந்தப் பக்கத்தை அச்செடுத்து இதய மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசியாக, உங்கள் தரவின் பாதுகாப்பு. புரோமெத்தீஸை 2019இல் மைஹெரிடேஜ் என்ற வம்சாவளித் தேடல் நிறுவனம் வாங்கியது. 23அண்ட்மீயில் 2023இல் 69 லட்சம் பேரின் தகவல் கசிந்தது; 2025 மார்ச்சில் அது திவால் மனு போட்டது. அறிக்கை வந்ததும் கணினியில் இறக்கி வைத்துக்கொண்டு, ஏற்றிய கோப்பைத் தளத்திலிருந்து அழித்துவிடுங்கள்.