ஒரே மழை, ஐந்து பாடம்: காலநிலை மேல்படிப்பில் எதை எடுப்பது?

அக்கா வீடு தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரல் பக்கம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி கூடத்துக்குள் வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. அந்த மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதே அவ்வளவு இல்லை. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு மாட்டிக்கொண்டதும் அப்போதுதான். தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் அரிசி மூட்டையையும் பீரோவையும் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா மகள் டேப்பை எடுத்துவந்து சுவரில் சேறு விட்டுப்போன கோட்டை அளந்தாள். தரையிலிருந்து 131 சென்டிமீட்டர்.

சிவில் படித்துவிட்டு ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை பார்க்கிறவள். "சித்தி, காலநிலை சம்பந்தமாக மேல்படிப்பு படிக்கப்போகிறேன். எங்கே சேரட்டும்?" என்று நான்கு பெயர்களோடு வந்து நின்றாள்: ஹாம்பர்க், லுண்ட், வேல்ஸ், டெல்லி. ஐந்தாவதாக ஒன்றை நான் சேர்த்தேன்.

அதற்கு முன்பே வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்லும் ஓர் அலுவலகத்துக்குப் போய்வந்திருந்தாள். அங்கே கொடுத்த அட்டவணையில் இரண்டே கட்டம்: கட்டணம் எவ்வளவு, படித்த பின் எத்தனை மாதம் தங்கலாம். என்ன சொல்லிக்கொடுப்பார்கள் என்பதற்குக் கட்டமே இல்லை. தாளை மடித்து வைத்துவிட்டு வேறு ஒரு கேள்வியோடு உட்கார்ந்தோம். காயல்பட்டினத்து மழையை ஒவ்வொரு வகுப்பறையிலும் கொண்டுபோய் வைத்தால், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?

ஹாம்பர்க்கில் கணக்குப் போடுவார்கள். மாக்ஸ் பிளாங்க் வானிலையியல் நிறுவனம் 1975இல் தொடங்கியது அந்த ஊரில்தான். அதன் முதல் இயக்குநர் கிளவுஸ் ஹாசல்மன் 2021இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். காலநிலைக் கணிப்புக்கென்றே ஒரு மீக்கணினி மையமும் அங்கே இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைந்த காலநிலை அறிவியல் முதுகலை இரண்டு ஆண்டு, ஆங்கிலத்தில். கடல்மேல் ஈரம் எப்படித் திரண்டது, கடல் ஒரு டிகிரி சூடானால் அதே மேகம் எவ்வளவு கூடுதலாகப் பொழியும் என்பதுபோன்ற கேள்விகளுக்கு நிரல் எழுதி விடை தேட வேண்டியிருக்கும். பொருளாதாரம், சமூகம் பக்கம் போகவும் வழி உண்டு. ஆனாலும் கணிதத்தைக் கண்டு ஒதுங்குகிறவருக்கு முதல் பருவமே மூச்சு முட்டும்.

செலவு குறைவு என்று பார்த்தால் ஹாம்பர்க்கை மற்ற வெளிநாட்டு இடம் எதுவும் நெருங்க முடியாது. படிப்புக் கட்டணம் இல்லை. பருவத்துக்குச் சில நூறு யூரோ பங்களிப்புத் தொகை, அதிலேயே பஸ், ரயில் பயணச்சீட்டும் அடக்கம். "இலவசம்" என்று சொல்லிவிட்டு அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். விசாவுக்கு முன், மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். பத்து லட்சம் ரூபாய்க்கு மேல். அது நம் பணம்தான், மாதம் 992 யூரோவாகத் திரும்பக் கிடைக்கும். ஆனால் நடுத்தரக் குடும்பத்தில் ஒரே மூச்சில் அதைப் புரட்டுவதற்குள் நகை வங்கிக்குப் போய்விடும். இந்தியப் பட்டத்தைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் சான்றிதழ் 2022 நவம்பரிலிருந்து கட்டாயம். அதற்குச் சில வாரங்களாவது ஒதுக்கிவைக்க வேண்டும். ஜெர்மனி முழுவதும் இப்படி என்றும் நினைத்துவிடக் கூடாது. பிரைபர்க் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும்.

சுவீடனின் லுண்ட் முற்றிலும் வேறு மனநிலை. 1666இல் தொடங்கிய பல்கலைக்கழகம். அதன் சுற்றுச்சூழல், வளங்குன்றா வளர்ச்சி அறிவியல் முதுகலை 1997 முதல் நடக்கிறது. புவி அமைப்பில் தொடங்கிச் சமூகக் கோட்பாடு, நகரமும் கிராமமும், ஆளுகை, பொருளாதாரம் என்று போகிறது. பொறியாளரும் மானுடவியல் படித்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சண்டை போட வேண்டும். அங்கே நம் மழை வேறு வடிவம் எடுக்கும்: குளத்துக் கரை உடைந்ததா, உடைக்கப்பட்டதா? மடையைத் திறக்க யாருக்கு அதிகாரம்? முதலில் மூழ்கிய தெரு யாருடையது? சிவில் படித்தவர்கள் இப்படிக் கேட்கப் பழகியதில்லை, நானும் பழகியதில்லை. அதனாலேயே அந்தப் பாடத்திட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பணம்தான் முட்டுகிறது. 2011 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் சுவீடன் கட்டணம் வாங்குகிறது. லுண்ட் தரும் உதவித்தொகை கால் பங்கு முதல் முழுக் கட்டணம் வரை ஈடுசெய்யும். சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் கிடையாது. முழு உதவி கிடைத்தால் போகலாம். கடன் வாங்கி லுண்டுக்குப் போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேல்ஸ் பட்டியலில் இருந்தது எனக்கு வியப்பு. மக்கன்லெத் ஊருக்கு அருகே கைவிடப்பட்ட ஸ்லேட் கல் குவாரி ஒன்றில் 1973இல் சிலர் குடியேறி உருவாக்கிய மாற்றுத் தொழில்நுட்ப மையம் அது. பிரிட்டன் கரிம உமிழ்வே இல்லாமல் இயங்க முடியுமா என்று 2007 முதல் கணக்குப் போட்டு அறிக்கை வெளியிட்டு வருகிறவர்கள். அங்கே விரிவுரை அரங்கின் சுவரே ஒரு பாடம்: மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி இடித்து இறுக்கி, ஏழு மீட்டருக்கு மேல் வட்டமாக எழுப்பியிருக்கிறார்கள். வளங்குன்றாமை, தகவமைப்பு பற்றிய முதுகலையை அங்கே போய்ச் சில நாள் தங்கியும் படிக்கலாம், தொலைவிலிருந்தும் படிக்கலாம். நம் 131 சென்டிமீட்டர் கோட்டை அவர்களிடம் காட்டினால் எந்தச் சுவர் நனைந்து காயும், எது கரையும், தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்துவது என்று கேட்பார்கள். இவளுடைய பழைய வேலையோடு நேராகப் பொருந்துவது இதுதான். மண் வீட்டை இடித்துக் கான்கிரீட் பெட்டி கட்டும் ஊரிலிருந்து மண் சுவர் பற்றிப் படிக்க வேல்ஸுக்குப் போவதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, அது வேறு விஷயம்.

தொலைநிலைப் படிப்புக்கு மாணவர் விசா கிடையாது. அங்கே போய் வேலை தேடுவதுதான் நோக்கம் என்றால் இது வழியில்லை. செலவு தாங்காமல் 2023 நவம்பரில் மையம் நாள் பார்வையாளர்களுக்குக் கதவை மூடிவிட்டது, படிப்புகள் தொடர்கின்றன. சேரும் முன் இதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிரிட்டனின் வழக்கமான ஓராண்டு முதுகலைகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்குப் பெயர் உண்டு. காலநிலை அறிஞர் ஹியூபர்ட் லாம் 1972இல் தொடங்கிய காலநிலை ஆய்வுப் பிரிவு அங்கேதான். ஆனால் செப்டம்பரில் போய் இறங்கினால் அடுத்த கோடையில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பீர்கள், நடுவில் தலை நிமிர நேரம் இருக்காது. படித்த பின் தங்கும் காலமும் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. ஜெர்மனியில் வேலை தேடத் தருவதும் அதே 18 மாதம்தான்.

இடையில் ஒரு சொல் தகராறு. 2016இல் மெல்பர்னை ஒட்டிய டேர்பின் மாநகராட்சி தொடங்கிவைத்து, 2019 மே 1 அன்று பிரிட்டன் நாடாளுமன்றமும் ஒப்புக்கொண்ட அறிவிப்பைத் தமிழில் "காலநிலை அவசரநிலை" என்று எழுதினால், என் வயதுக்காரர்களுக்கு 1975தான் ஞாபகம் வருகிறது. விண்ணப்பத்தின் தமிழ் வரைவில் "நெருக்கடி" என்று போடச் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

டெல்லிக்கு வருகிறேன். வசந்த் குஞ்சில் இருக்கும் டெரி உயர்கல்விப் பள்ளி 1999 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். காலநிலை அறிவியலும் கொள்கையும் சேர்ந்த இரண்டு ஆண்டு எம்.எஸ்ஸி. நடத்துகிறது. மழையை இங்கே கொடுத்தால் அது மாநிலச் செயல்திட்டமாகவும் நிதிக் கோரிக்கையாகவும் மாறி வெளியே வரும். இந்தியாவில் இந்தத் துறையில் வேலை தருகிறவர்கள் பலர் டெல்லியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊரிலேயே வேலை பார்ப்பதென்று உறுதியாக இருப்பவர் லுண்டை விட்டு டெல்லியை எடுத்தாலும் நான் தடுக்க மாட்டேன். நவம்பர் புகையில் மூச்சுவிடுவது தனிப் பாடம், அதற்கு மதிப்பெண் கிடையாது.

நான் சேர்த்த ஐந்தாவது பெயர் முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டம். தமிழ்நாட்டு மாவட்டங்களில் இரண்டு ஆண்டு களவேலை, மாத ஊதியம், கூடவே அண்ணா பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டயம். எம்.எஸ்ஸி. இல்லையே என்றாள். இல்லைதான். ஆனால் அந்த மழை ஆட்சியர் அலுவலகக் கோப்புக்குள் எப்படி நுழைகிறது, எந்த மேசையில் தூங்குகிறது என்பதை வேறு எந்த வகுப்பறையும் காட்டாது. தேர்வு அறிவிப்பு நம் வசதிக்கு வராது என்பதுதான் சங்கடம்.

உதவித்தொகைக் கணக்கும் இதே பக்கம் சாய்கிறது. வளரும் நாட்டினருக்கு ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) தரும் வளர்ச்சிசார் உதவித்தொகை, அதன் பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு மட்டும். இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும், பட்டம் பெற்று ஆறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகையும் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறது, படித்துவிட்டு இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்கவும் சொல்கிறது. இவளுக்கு இதுவரை 14 மாத அனுபவம். இன்னும் பத்து மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தால் மூடியிருக்கும் இரண்டு கதவுகள் திறக்கும். அதற்குள் வேகமாக ஏறும் வெளிநாட்டுக் கடன் எதற்கு?

என் வரிசையைச் சொல்லிவிட்டேன்: பசுமைப் புத்தாய்வு கிடைத்தால் அது, இல்லையென்றால் வேலையோடு கணிதத்தைத் தூசி தட்டிவிட்டு ஹாம்பர்க், முழு உதவி கிடைத்தால் மட்டும் லுண்ட். அவள் வரிசையில் லுண்ட் இன்னும் முதலில் இருக்கிறது. நேற்று இரவு விண்ணப்பக் கடிதத்தை அனுப்பியிருந்தாள். முதல் வரி 131 சென்டிமீட்டரில் தொடங்குகிறது. இரண்டாம் பத்தியில் மனிதகுலம் ஒரு திருப்புமுனையில் நின்றுகொண்டிருந்தது. அதை மட்டும் அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன்.