டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2: இசைத்தட்டிலும் டைம்கோடிலும் நெடுநாள் பழகிய அனுபவம்

ஹிப்-ஹாப் டிஜேக்களின் அடையாளமாகவே ஆகிப்போன இந்த டர்ன்டேபிளில் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி) ஒரு ஜோடியைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். முதலில் அசல் இசைத்தட்டுகளோடும், பின்னர் கணினியிலுள்ள பாட்டை இயக்கும் சமிக்ஞை மட்டும் பதிந்த டைம்கோட் தட்டுகளோடும். 1979இல் சந்தைக்கு வந்த இக்கருவியில் பெல்ட் கிடையாது. மோட்டாரே நேரடியாகச் சுழற்றுவதால், இசைத்தட்டைக் கையால் பின்னுக்கு இழுக்கும்போதும் அடியிலுள்ள உலோகத் தட்டு சளைக்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். விரலை எடுத்ததும் பாட்டு உடனே தன் வேகத்தைப் பிடித்துவிடும். இசைத்தட்டுக்கும் உலோகத் தட்டுக்கும் நடுவே வழுக்கிக் கொடுக்கும் ஸ்லிப்மேட் விரிப்பு நல்லதாக அமையாவிட்டால் இந்தச் சுகம் பாதியாகக் குறைந்துவிடும்.

1970களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் என்ற டிஜே, தாளம் மட்டும் ஒலிக்கும் பிரேக் பகுதியை ஒரே பாடலின் இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். இன்னொரு டிஜேயான கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ், தட்டின் மேல் கிரேயானால் அடையாளமிட்டு, எத்தனை சுற்று பின்னுக்கு இழுக்க வேண்டும் என்று எண்ணி, அதைத் துல்லியமான வித்தையாக்கினார். நான் கிரேயானுக்குப் பதில் சிறிய ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். மற்றபடி முறை அதேதான். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி, அந்தக் கணக்கு கையில் ஊறிவிட்டால் ஹெட்ஃபோன்கூட அதிகம் தேவைப்படுவதில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், கருவிகள் நிறைந்த இடமும் தாளம் மட்டும் நிற்கும் இடமும் தட்டின் பள்ளங்களில் வேறு வேறு சாயலில் தெரியும். ஊசியை எங்கே வைப்பது என்பதைக் கண்ணே சொல்லிவிடுகிறது. ஆனால், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்ப்பதால் அங்கே ஓர் இரைச்சல் நிரந்தரமாகக் குடியேறும். நல்ல பிரேக்குகளுக்கு இரண்டு தட்டுகள் போதாமல் மூன்றாவதும் வாங்க வேண்டிவருவது இதனால்தான் (பர்ஸுக்குத்தான் வருத்தம்).

2004இல் டைம்கோட் தட்டுகளோடு இயங்கும் செராட்டோ ஸ்க்ராட்ச் லைவ் என்ற மென்பொருள் வந்தபின் நிலைமை வேறானது. டைம்கோட் தட்டில் பாட்டு இருப்பதில்லை. ஊசி படிக்கும் சமிக்ஞையிலிருந்து வேகத்தையும் திசையையும் அறிந்துகொண்டு, கணினியிலுள்ள பாட்டை மென்பொருள் இயக்குகிறது. ஸ்க்ராட்ச் செய்யும்போது, அதாவது தட்டை முன்னும் பின்னும் தேய்த்து ஒலி எழுப்பும்போது, கைக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை என்று உறுதியாகச் சொல்வேன். குறை வேறிடத்தில் இருக்கிறது: எந்தப் பாட்டை ஏற்றினாலும் தட்டு ஒரே கருப்பாகத்தான் தெரிகிறது. பார்வை தட்டைவிட்டுத் திரைக்குப் போகிறது. சுற்றுகளை எண்ணும் வேலையை ஒரு பொத்தான் எடுத்துக்கொள்கிறது. இரு பாடல்களின் வேகத்தைக் காதால் ஒப்பிடும் பழக்கத்தை, வேகத்தைத் தானாகவே பொருத்திவிடும் சிங்க் வசதி மழுங்கடிக்கிறது. ஊசியில் தூசு படிந்தால் பாட்டே தடுமாறும் என்பது கூடுதல் தொல்லை.

தட்டைக் கையால் ஆளும் இக்கலை தேய்ந்ததற்கு டைம்கோடை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. ஒவ்வொன்றும் சுமார் 12 கிலோ எடையுள்ள கருவிகளையும் தட்டுப் பெட்டிகளையும் மாடிப்படி ஏற்றி இறக்கியவர்களுக்கு மடிக்கணினி எவ்வளவு பெரிய விடுதலை என்பது தெரியும். தானாகச் சுழலாத சிறு சக்கரங்களைக் கொண்ட மலிவான கண்ட்ரோலர்கள்தாம் (கணினியிலுள்ள பாட்டை இயக்கும் கருவிகள்), என் பார்வையில், பெரிய இழப்பு. அவற்றில் கையை எதிர்த்துச் சுழலும் விசையே இல்லை. டெக்னிக்ஸ் 2010இல் இந்த வரிசையை நிறுத்தி 2016இல் மீண்டும் தொடங்கியது. ஸ்க்ராட்ச் டிஜேக்களின் செல்ல ஊசியான எம்44-7ஐத் தயாரித்த ஷுவர் நிறுவனமோ 2018இல் ஊசித் தயாரிப்பையே விட்டுவிட்டது.

பழைய எம்கே2 வாங்குவோர், ஊசிக்கை தளர்வின்றி அசைகிறதா என்பதையும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் சறுக்கியை நகர்த்தும்போது வேகம் சீராக மாறுகிறதா என்பதையும் பார்த்து வாங்கவும். பணம் குறைவென்றால் ஒரு டர்ன்டேபிள், ஒரு மிக்ஸர், ஸ்க்ராட்ச் பயிற்சிக்கான ஒரு தட்டு போதும். டைம்கோடைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.