கூப்பிட்டால் மேலே வரும் மிதவை: இரண்டு குளிர்காலம் பயன்படுத்திய பிறகு

சிங்கி இறால் பிடிக்கும் கூடுகளோடு கடலடியில் கிடந்து, படகிலிருந்து ஒலியால் கூப்பிட்டதும் மிதவையை மேலே விடும் பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கருவியை நான் காசு கொடுத்து வாங்கவில்லை. மாசசூசெட்ஸின் உட்ஸ் ஹோலில் அமெரிக்க அரசின் வடகிழக்கு மீன்வள அறிவியல் மையம் இருக்கிறது. நூலகத்தில் புத்தகம் தருவதுபோல அவர்கள் மீனவர்களுக்கு இந்தக் கருவிகளை இரவல் தருகிறார்கள். இரவல் வாங்கியவர் ஒரு சிங்கி இறால் படகின் கேப்டன். என் தொழில் படகுகளில் ரேடார், எக்கோ சவுண்டர் மாட்டுவது, பழுது பார்ப்பது. “இதில் டேப்லெட் எல்லாம் இருக்கிறது, கையுறையோடு என்னால் தட்ட முடியாது, நீ வா” என்றார். போனேன். எந்தக் கம்பெனியின் கருவி என்று எழுதப்போவதில்லை. கீழே நிறையக் குறை வருகிறது, அது எங்களுக்குக் கிடைத்த நான்கு பெட்டிகளைப் பற்றியது மட்டும்.

இங்கே சிங்கி இறால் கூடுகளைப் பத்து, இருபதாக ஒரே கயிற்றில் கோத்துக் கடலடியில் இறக்குவார்கள். சரத்தின் ஒவ்வொரு முனையிலிருந்தும் ஒரு கயிறு செங்குத்தாக மேலே வந்து மிதவையில் முடியும். அந்த நிற்கும் கயிற்றில்தான் வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலம் சிக்கிக்கொள்கிறது. உலகத்தில் மிஞ்சியிருப்பவை 400-க்கும் குறைவு. கூட்டையும் கூட்டையும் இணைக்கும் தரைக்கயிறு மிதக்காமல் மூழ்கும் வகையாக இருக்க வேண்டும் என்ற விதி 2009-லேயே வந்துவிட்டது. நிற்கும் கயிறு 1,700 பவுண்டு இழுப்புக்கு மேல் தாங்காமல் அறுந்துவிட வேண்டும் என்பது 2021-ல் வந்தது. இது போக, திமிங்கிலங்கள் கேப் காட் விரிகுடாவுக்கு மேய வரும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, நிற்கும் கயிறு வைத்துக் கூடு போடுகிறவர்களுக்கு அந்தக் கடலே மூடல். கேப்டனுக்கு மூன்று மாதம் வருமானம் கிடையாது. நிற்கும் கயிறே இல்லாவிட்டால் உள்ளே போகலாம் அல்லவா, அதற்குத்தான் இந்தப் பெட்டி.

வேடிக்கை என்னவென்றால், மிதவை இல்லாமல் கூடு போடுவதே சட்டப்படி குற்றம். மத்திய அரசுக் கடலில் மூன்று கூட்டுக்கு மேல் உள்ள சரம் என்றால், மேற்கு முனையில் ரேடார் பிரதிபலிப்பானும் கொடியும், கிழக்கு முனையில் பிரதிபலிப்பானும் நிற்க வேண்டும். திமிங்கிலத்துக்காக மிதவையை எடுத்தால் கடலோரக் காவல்படை பிடிக்கும். காவல்படைக்காக மிதவையை வைத்தால் திமிங்கிலம் சிக்கும். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் சிறப்பு விலக்கு அனுமதி. புதிய கருவியைச் சோதிப்பதற்காக, குறிப்பிட்ட படகுக்கு, குறிப்பிட்ட விதிகளிலிருந்து மட்டும், பொதுவாக ஓராண்டுக்குத் தரப்படும் விலக்கு. தருவதற்கு முன் அரசிதழில் அறிவித்துப் பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறார்கள். அசல் தாள் படகிலேயே இருக்க வேண்டும், இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் போவதென்றால் மாநில அரசின் கடிதமும் தனியாக வேண்டும்.

துறைமுகத்தில் ஒருவர் கேப்டனிடம், “உனக்கென்னப்பா, எதை வேண்டுமானாலும் பிடிக்க லைசென்ஸ் வாங்கிவிட்டாய்” என்றார். கேப்டனுக்கு வந்ததே கோபம். விலக்கு மிதவைக்கும் மூடலுக்கும் மட்டும்தான். இறாலின் முதுகு ஓட்டின் நீளம் மூன்றேகால் அங்குலத்துக்குக் குறைந்தால் கடலுக்குத் திரும்பப் போட வேண்டும், முட்டை சுமக்கும் பெண் இறாலைத் தொடக் கூடாது, அதெல்லாம் அப்படியே இருக்கிறது. கூடுதலாக, மூடிய பகுதிக்குள் மணிக்கு 10 கடல் மைல் வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, ஒவ்வொரு இழுப்பையும் எழுதித் தர வேண்டும் என்று எங்கள் தாளில் நிபந்தனைகள் வேறு. அந்தக் கணக்கு எழுதும் வேலைதான் என் தலையில் விழுந்தது. குளிரில் பேனா எழுதாது, பென்சில் கொண்டுபோங்கள்.

சரி, கருவிக்கு வருகிறேன். கூட்டின் அளவிலேயே ஒரு கம்பிச் சட்டம். அதற்குள் 60 மீட்டர் கயிறு அடுக்கப்பட்டு, மேலே ஒரு மிதவை கொக்கியில் பூட்டப்பட்டிருக்கும். படகிலிருந்து, நீருக்குள் ஒலி அனுப்பும் ஒரு கருவியைக் கேபிளில் கட்டித் தண்ணீரில் இறக்கி, டேப்லெட்டில் பொத்தானைத் தட்டினால், ஒலியாகக் கட்டளை போகும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் குறியீடு இருப்பதால் பக்கத்துப் படகுக்காரர் உங்கள் பெட்டியைத் திறக்க முடியாது. கொக்கி விடுபட்டதும் மிதவை கயிற்றை இழுத்துக்கொண்டு மேலே வரும். பிறகு வழக்கம்போல வின்ச்சில் மாட்டி இழுக்க வேண்டியதுதான். கயிறே இல்லாமல் காற்றுப் பை உப்பி கூட்டையே தூக்கிவரும் வகையும் உண்டு. நாங்கள் அதைத் தொடவில்லை.

முதல் நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். தட்டினோம். “திறந்தது” என்று திரையில் வந்தது. கடலில் ஒன்றும் இல்லை. கேப்டன் என்னைப் பார்க்கிறார், நான் டேப்லெட்டைப் பார்க்கிறேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, படகின் மறுபக்கத்திலிருந்து, கேப்டனிடம் வேலை செய்யும் பையன் கத்தினான். 40 மீட்டர் ஆழத்திலிருந்து மிதவை எங்கள் முதுகுக்குப் பின்னால் எழுந்து ஆடிக்கொண்டிருந்தது. நீரோட்டம் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்து நிற்க வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. எஞ்சினை நியூட்ரலில் போடாவிட்டால் சில நேரம் பெட்டி பதிலே சொல்லாது என்பதும்.

திறப்பதில் பெரிய குறை இல்லை. இரண்டு குளிர்காலத்திலும் பெட்டி சொன்ன பேச்சைக் கேட்டதுதான் அதிகம். தொல்லை முழுவதும் மறுபடி கயிறு அடுக்குவதில். சாதாரண மிதவைக் கயிறு தானாக டெக்கில் சுருண்டு விழும், கூட்டைத் தள்ளினால் தானாகப் போகும். இதில் ஈரக் கயிற்றை எட்டு வடிவில் பெட்டிக்குள் கையால் அடுக்க வேண்டும், ஒரு சுற்றுகூட இன்னொன்றின் மேல் ஏறக் கூடாது. படகு ஆடும்போது, விரல் மரத்த நிலையில், ஐந்து நிமிடம். கேப்டனுக்கு ஐந்து நிமிடம் என்றால் ஒரு சரத்தின் நேரத்தில் பெரிய பங்கு. இரண்டாம் குளிர்காலம் மார்ச்சில் ஒருநாள் நான் அவசரமாக அடுக்கினேன். அடுத்த வாரம் “திறந்தது” என்று வந்தது, மிதவை வரவேயில்லை. மறுமுனைப் பெட்டியைத் திறந்து அங்கிருந்து சரத்தை இழுத்தோம். கடைசியாக வந்த சட்டத்துக்குள் மிதவை பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது, என் கயிறு பந்தாக முடிச்சு விழுந்து. கருவியைக் குறை சொல்ல வாயெடுத்த நான் வாயை மூடிக்கொண்டேன்.

எங்களுக்கு உண்மையில் வலித்த குறை வேறு. மிதவை திமிங்கிலத்துக்குக் கேடு, ஆனால் மற்றப் படகுகளுக்கு அது ஒரு பேச்சு: இங்கே என் சாமான் கிடக்கிறது, சுற்றிப் போ. மிதவை போனால் அந்தப் பேச்சும் போய்விடுகிறது. பெட்டியை இறக்கிய இடம் செயலியில் பதிவாகும். செயலி வைத்திருப்பவர் திரையில் தெரியும். வைத்திருக்காதவருக்கு? மூடல் கூடுக்காரர்களுக்குத்தான், இழுவைமடிப் படகுகளுக்கு இல்லை. எங்கள் இரண்டாவது சரத்தின் மேல் ஒரு படகு மடியை இழுத்துக்கொண்டு போனது. அவர்மேல் தப்பில்லை, அவர் திரையில் வெறும் கடல். நாங்கள் போய்க் கூப்பிட்டபோது இரண்டு முனையும் மௌனம். முக்கால் நாள் தேடி, ஒரு பெட்டியையும் 13 கூட்டையும் மீட்டோம். ஏழு கூடும் ஒரு பெட்டியும் இன்னும் அடியில்தான். கம்பெனிக்கு ஒரு செயலி என்று இல்லாமல் எல்லார் இடக்குறியும் எல்லார் திரையிலும் தெரியவேண்டும் என்று வேலை நடக்கிறது. அது முடியும்வரை இழுவைமடி ஓடும் தரையில் இதைப் போடச் சொல்லி நான் யாரையும் தூண்டமாட்டேன்.

விலை. ஒரு பெட்டி சில ஆயிரம் டாலர். கேப்டனுக்கு 800 கூடு வரை போட உரிமை. சரத்துக்கு இருபது என்றால் 40 சரம், முனைக்கு ஒன்றாக 80 பெட்டி. இந்தக் கணக்கைப் பென்சிலால் போட்டுக் காட்டினேன். அவர் அந்தத் தாளை வாங்கி மடித்து ஜன்னல் ஆடாமல் இருக்கச் செருகிவிட்டார். எல்லாச் சரத்துக்கும் இது கட்டுப்படியாகாது. மூடிய மூன்று மாதத்தில், இறால் விலை ஏறியிருக்கும் நேரத்தில், நாலைந்து சரம் மட்டும் போட, அதுவும் இரவலில் என்றால் நிச்சயம் உண்டு. கேப்டன் மூன்றாவது ஆண்டுக்கும் பெயர் கொடுத்திருக்கிறார், அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

இரவல் வாங்கப் போகிறவர்களுக்கு: கயிறு அடுக்குவதைக் கரையில் பத்து முறை பழகுங்கள். பேட்டரியை முந்தின இரவே பாருங்கள். பெட்டியை இறக்கிய இடத்தைச் செயலியை நம்பி விட்டுவிடாமல் தாளிலும் எழுதுங்கள். அப்புறம் கிணற்றில் விழுந்த வாளியை எடுப்போமே, அந்தப் பாதாளக்கரண்டி மாதிரி நாலு கொக்கி வைத்த இரும்பு ஒன்று படகில் இருக்கட்டும். அந்த 13 கூடும் அதில் மாட்டித்தான் வந்தன.