"வெக்டர் ஃபைலு, உடையாது" என்றால் அப்படியே நம்பிவிடாதீர்கள்

மார்த்தாண்டத்தில் தங்கச்சி பழக்கடை போடுகிறாள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம மட்டிப்பழக் குலைதான் லோகோவில் வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஒரு டிசைனரிடம் 3,500 ரூபாய் கொடுத்து வரைந்து வாங்கினோம். 9 செ.மீ. விசிட்டிங் கார்டில் அழகாகவே இருந்தது. "இதையே போர்டுக்கும் குடுங்க அண்ணே. வெக்டர் ஃபைலு, எவ்வளவு பெரிசாக்கினாலும் உடையாது" என்றார். புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாகவே சேமித்த படத்துக்குத்தான் வெக்டர் என்று பெயர்.

9 அடி போர்டுக்கு அக்ரிலிக் வெட்ட நாகர்கோவிலில் கொடுத்தோம். வந்ததைப் பார்த்து தங்கச்சி அழுதுவிட்டாள். எழுத்தெல்லாம் சோகை பிடித்ததுபோல மெலிந்து கிடந்தது. குலைத்தண்டு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கீறல். 11,000 ரூபாய் போனது.

டிசைனரைக் கூப்பிட்டால், "மிஷின்காரன் தப்பு." மறுநாள் பேச்சு மாறியது: "போர்டுக்குத் தனி ஃபைல் செய்யணும், 2,000 ஆகும்."

வெட்டும் கடைக்கே திரும்பப் போனேன். அவர்களும் வெட்டும் முன் பார்த்திருக்கலாம், அந்த வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் அங்கிருந்த தம்பி ஃபைலை கோரல் டிரா என்ற வரையும் மென்பொருளில் திறந்து, வயர்ஃப்ரேமுக்கு, அதாவது நிறமும் தடிமனும் இல்லாமல் வெறும் கோடு மட்டும் தெரியும் பார்வைக்கு, மாற்றிக் காட்டினார். தண்டு ஒற்றை இழையாக நின்றது. கார்டில் தெரிந்த தடிமன் முழுக்க 1 மி.மீ. அவுட்லைன், அதாவது அந்த இழைக்குக் கொடுத்த கோட்டுத் தடிமன். 30 மடங்கு பெரிதாக்கும்போது அது 30 மி.மீ. ஆகியிருக்க வேண்டும். படத்தோடு தடிமனையும் பெரிதாக்கும் 'ஸ்கேல் வித் ஆப்ஜெக்ட்' டிக் போடாததால் 1 மி.மீ.யிலேயே நின்றுவிட்டது. அது மட்டுமில்லை, வெட்டும் மிஷினுக்கு அவுட்லைன் தடிமனே தெரியாது. அந்த இழை போகும் வழியில்தான் வெட்டும்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், க்யூ அழுத்தி அவுட்லைனை உருவமாக மாற்றினார், அப்புறம் பெரிதாக்கினார். தண்டு தண்டாகவே வளர்ந்தது. இல்லஸ்ட்ரேட்டர் என்ற இன்னொரு மென்பொருளில் இதற்கு 'அவுட்லைன் ஸ்ட்ரோக்' என்று பெயராம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதற்குத்தான் அந்த மனிதர் 2,000 கேட்டார்!

லோகோ வாங்குகிறவர்கள் பாக்கிப் பணத்தைக் கொடுக்கும் முன் வயர்ஃப்ரேமில் காட்டச் சொல்லுங்கள். இல்லஸ்ட்ரேட்டர் என்றால் கண்ட்ரோல், ஒய். தடித்த கோட்டுக்கு இரண்டு விளிம்பு தெரிய வேண்டும். ஒற்றை இழை தெரிந்தால் வேலை முடியவில்லை. மாற்றிய பிறகு தடிமனைக் கூட்டவோ குறைக்கவோ லேசில் முடியாது, அதனால் மாற்றாத நகலையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு அந்த நகல் இன்னும் வரவில்லை.