செங்கோட்டையிலிருந்து பாலோடு வரை, அம்மாவோடு

நான் இருப்பது சிங்கப்பூரில். அம்மா வரும்போதெல்லாம் அங்குள்ள தாவரவியல் பூங்காவில்தான் எங்கள் காலை நடை. ஒவ்வொரு மரமாக நின்று பார்த்துவிட்டு, "இதெல்லாம் நம்ம மலையில இல்லாததா?" என்பாள். அதனால் இந்தத் தடவை செங்கோட்டைக்கு வந்ததும், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் பாலோட்டில் இருக்கும் ஜவஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரத் தோட்டம் மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அவளைக் கூட்டிப்போனேன்.

காருக்கு ஒரு டிராவல்ஸில் முன்பணம் அனுப்பியிருந்தேன். 6 மணிக்கு வரவேண்டிய வண்டி 7 மணியாகியும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. அம்மா வாசலில் பையோடு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க மனசு கொதித்தது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் தெரிந்தவர் ஓட்டும் வண்டியாகப் பாருங்கள். சரி, பஸ்ஸிலேயே போகலாம் என்று திருவனந்தபுரம் போகும் கேரள அரசு பஸ்ஸில் ஏறினோம். அம்மாவுக்கு முழங்கால் வலி என்று தெரிந்ததும் கண்டக்டர் முன்சீட்டில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

ஆரியங்காவு, தென்மலை, குளத்தூப்புழை என்று வழியெல்லாம் ரப்பர் மரங்கள். 1877-ல் சிங்கப்பூர் பூங்காவுக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளைப் பற்றி அம்மாவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். மரம் சாகாமல் பால் வெட்டும் முறை அந்தப் பூங்காவில்தான் உருவானது.

பாலோட்டில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். 1979-ல் தொடங்கிய தோட்டம், சுமார் 300 ஏக்கர். மூங்கில் வகைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. ஆனால் எங்களுக்கு அந்த நாள் முழுக்க ஒரே ஒரு செடிதான். சுற்றிக்காட்ட வந்த பெண், "அம்மே, மெல்லெ நடந்நா மதி" (மெல்ல நடந்தால் போதும்) என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியின் கதையைத் தமிழும் மலையாளமும் கலந்து சொன்னார். 1987-ல் அகத்தியமலைக் காட்டுக்கு ஆய்வாளர்கள் போனபோது, வழிகாட்டிய காணிக்காரர்கள் (அந்த மலையின் பழங்குடிகள்) ஏதோ சின்னக் காயைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் ஏறினார்களாம். என்ன காய் என்று முதலில் சொல்லவில்லை. அது குலத்துக்குள் காக்கும் ரகசியம். பிற்பாடு அந்தச் செடியை இந்த நிறுவனத்தில் ஆராய்ந்து 'ஜீவனி' என்ற மருந்து செய்தார்கள். உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது.

"அந்தப் பணம் அவங்க கைக்குப் போச்சா?" என்று அம்மா விடாமல் கேட்டாள். எனக்குத் தோன்றாத கேள்வி. அதற்காகவே 1997-ல் காணிகள் பெயரில் ஒரு டிரஸ்ட் பதிவானதையும் பணம் அதற்குப் போனதையும் அந்தப் பெண் அவசரப்படாமல் விளக்கினார். அந்தப் பொறுமைக்காகவே மறுபடி போவேன்.

ஆரோக்கியப்பச்சை இருந்த இடத்தில் அம்மா குனிந்து இலையைத் தொடப் போனாள். அப்புறம் கையை இழுத்துக்கொண்டு, "தொடலாமா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.