ரீமேப் போட்ட டீசல் ஸ்விஃப்ட்: இழுவை கூடியது சரி, தேய்ந்தது எது?

என் வண்டி ரீமேப் செய்தது, அதாவது எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுதியது என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எஞ்சின் தாங்குமாங்க?" மீட்டர் 1,30,000 கி.மீ. தாண்டிவிட்டது. பாதிக்கு மேல் ரீமேப்போடு ஓடியது. எஞ்சின் தாங்கியிருக்கிறது. அதைச் சுற்றி இருப்பவை அவ்வளவு லேசாகத் தப்பவில்லை.

வண்டி இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்ட் டீசல். உள்ளே இருப்பது ஃபியட் வடிவமைத்த 1248 சிசி மல்டிஜெட் டீசல் எஞ்சின். கம்பெனிக் கணக்கில் 4000 ஆர்பிஎம்மில் 75 பிஎஸ், 2000 ஆர்பிஎம்மில் 190 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சக்கரத்தைத் திருப்பும் இழுவை. பெருந்துறையிலிருந்து கோயமுத்தூர் போய்வர இதுவே தாராளம். இடைஞ்சல் எல்லாம் சத்தி - மைசூர் ரோட்டில்தான். பண்ணாரி தாண்டினால் திம்பம், 27 கொண்டை ஊசி வளைவு. உள்ளே அஞ்சு பேர், ஏசி ஓடுகிறது, முன்னால் சரக்கு லாரி உறுமிக்கொண்டு ஏறுகிறது. வளைவில் இரண்டாவது கியரில் ஆர்பிஎம் முள் 1500க்கு இறங்கினால் வண்டி செத்துவிடும். எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போ எழுந்து வருவதற்குள் பின்னால் இருப்பவர் ஹாரனிலேயே நம்மை மலை ஏற்றிவிடுவார்.

அதற்காகத்தான் ரீமேப். ஈசியு என்கிற எஞ்சின் கம்ப்யூட்டரில் இருக்கும் டீசல் அளவையும் டர்போ பூஸ்ட்டையும் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) மாற்றி எழுதுகிறார்கள், வேறு சாமான் எதையும் கழற்றுவதில்லை. 95 பிஎஸ், 235 நியூட்டன் மீட்டர் என்று கடையில் சொன்னார்கள். பவரை அளக்கும் டைனோ மெஷினில் ஏற்றிப் பார்க்கவில்லை, அதனால் அந்த எண்ணுக்கு நான் ஜவாப்தாரி இல்லை. வித்தியாசம் மட்டும் முதல் மேட்டிலேயே தெரிந்தது. 1600இலேயே இழுவை வந்துவிட்டது. அவிநாசி பக்கம் மூன்றாவது கியரில் மிதித்தால் லாரியைக் கடந்து, திரும்ப இடதுபக்கம் வந்த பிறகுதான் நான்காவது கேட்கும்.

சில மாதம் கழித்து ஒரு நாள் நான்காவது கியரில் 1800இல் முழுசாக மிதித்தேன். ஆர்பிஎம் முள் சட்டென்று 2500க்குத் தாவியது. ஸ்பீடோ முள் அப்படியே நின்றது. கூடவே கருகின வாசம். கிளட்ச் வழுக்குகிறது. பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கியபோது பிளேட்டில் ரிவெட் தலை வரை தேய்ந்திருந்தது, ஃப்ளைவீலில் நீலம் பாரித்திருந்தது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கூலி எல்லாம் சேர்ந்து பத்தாயிரத்தைத் தொட்டது. சித்தப்பா மகனிடம் இதே வண்டி, ரீமேப் போடாதது. என்னைவிட அதிகம் ஓடியும் இன்னும் கம்பெனி கிளட்ச்தான்.

மெக்கானிக் அண்ணன் அப்போது கேட்டது எனக்கு உறைத்தது. "ஏனுங்க, இதே எஞ்சினை கம்பெனிக்காரனே 90 பிஎஸ் ஆக்கி சியாஸ்ல, எர்டிகாவுல போட்டானே, டார்க் எவ்வளவு ஏத்துனான்னு பாத்தீங்களா?"

பார்த்தேன். 200. அவ்வளவுதான். பவரை 15 பிஎஸ் ஏற்றியவர்கள் டார்க்கைப் பத்தே பத்துதான் ஏற்றியிருக்கிறார்கள். அதற்கும் டர்போவையே மாற்றி வேரியபிள் ஜியாமெட்ரி, அதாவது சுற்றுக்குத் தகுந்தபடி இதழ்களைத் திருப்பிக்கொள்ளும் டர்போ வைத்தார்கள். என் வண்டியிலோ பழைய சின்ன டர்போவை வைத்துக்கொண்டு 45 ஏற்றியிருக்கிறது. பவர் என்பது டார்க்கும் சுற்றும் சேர்ந்தது. கம்பெனி மேல் சுற்றில் பவரை எடுத்தது, ரீமேப் கடை கீழ்ச் சுற்றில் எடுத்தது. வாடிக்கையாளர் முதல் நூறு மீட்டரிலேயே "அட!" என்று சொல்ல வேண்டுமே.

தேய்மானம் முழுக்க இங்கேதான் ஒளிந்திருக்கிறது. நின்ற பார வண்டியை மேட்டில் கிளப்பும்போதுதான் காளைக்குக் கழுத்து நோகும். ஓட ஆரம்பித்த பிறகு இல்லை. 1500இல் முழுசாக மிதித்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், ஆயில் பம்ப்போ மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கனெக்டிங் ராடு பேரிங்கில் ஆயில் படலம் மெலிசாகிற நேரம் அது. அதே அளவு டீசலை 2800இல் எரித்தால் பேரிங்குக்கு அத்தனை கஷ்டமில்லை. "ஆர்பிஎம் ஏத்தாதீங்க, எஞ்சின் போயிரும்" என்று நம் பக்கம் சொல்வது ரீமேப் வண்டிக்கு நேர் எதிர்.

புது கிளட்ச் போட்ட கையோடு மேப்பையும் மாற்றி எழுதச் சொன்னேன். 2200 வரை டார்க்குக்குக் கடிவாளம், உச்சம் 215க்கு மேல் வேண்டாம், மேலே மட்டும் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள் என்றேன். கடைத் தம்பிக்கு இஷ்டமில்லை. "அப்பறம் ஃபீல் இருக்காதுங்ணா." எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விட்டு மாசைக் குறைக்கும் ஈஜிஆரையும் அடைத்துவிடலாம் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். என் புகையைப் பின்னால் பைக்கில் வருகிறவர் எதற்குக் குடிக்க வேண்டும்? பழைய மேப்பில் மிதித்தால் கண்ணாடியில் கறுப்பாய்த் தெரியும். கறுப்புப் புகை என்றால் காற்று போதாமல் எரியாத டீசல். எக்ஸாஸ்ட் சூடு ஏறும், கரி ஆயிலில் கலக்கும். புது மேப்பில் அது நின்றுவிட்டது. ஃபீல் கொஞ்சம் குறைந்ததும் உண்மைதான்.

ஆயிலை 10,000 கி.மீ.க்குப் பதில் 7,000இலேயே மாற்றுகிறேன். முன்பு ஒரு சர்வீஸுக்கும் அடுத்ததற்கும் நடுவே டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறையாது, இப்போது அரை லிட்டர் போல ஊற்ற வேண்டியிருக்கிறது. டர்போ காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸைக் கழற்றினால் உள்ளே ஆயில் பிசுபிசுப்பு. டர்போ சீல் வயசாகிறது என்று அர்த்தம். இந்த மாதிரி சின்ன டர்போ நிமிஷத்துக்கு 2 லட்சம் சுற்று வரை போகிற சாமான். அதனால் மலை ஏறி நின்றதும் ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டுத்தான் சாவியைத் திருப்புவேன். கம்ப்ரஷன் பார்த்ததில் நாலு சிலிண்டரும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. ரிங், லைனர் பற்றிக் கவலையில்லை. மைலேஜ் பொறுமையாக ஓட்டினால் முன்னைப் போல 21, காலை அழுத்தினால் 17.

"ரேஸ்ல ஓட்டறாங்களே, அதெல்லாம் தாங்கலையா?" என்று ஒரு வாதம் வரும். மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை சீட் ரேஸ் கார் கட்டிய கரிவரதன் ஊர் இது, கோயமுத்தூர் பக்கத்துச் செட்டிபாளையத்தில் அவர் பெயரில் டிராக்கே இருக்கிறது, வாதம் வரத்தான் செய்யும். ரேஸ் எஞ்சினை அடிக்கடி பிரித்துப் பார்த்து மாட்டுவார்கள். நாம் பிரிப்பது வண்டி நின்ற பிறகு. டர்போ இல்லாத பெட்ரோல் வண்டிக்கு ரீமேப் கேட்கிறவர்களுக்கு: அதில் ஏற்றுவதற்கு பூஸ்ட்டே இல்லை, அந்தக் காசுக்கு நல்ல டயர் வாங்கிப் போடுங்கள்.

வாரண்டி இருந்தால் போய்விடும். இன்சூரன்ஸ் கிளெய்மிலும் வம்பு வரலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. தெரிந்தே இறங்குங்கள்.

போன மாதம் தாராபுரத்து மச்சான் தன் டீசல் வண்டிக்கும் போடலாமா என்று கேட்டார். அவர் ஐந்தாவது கியரில் 45 கி.மீ. வேகத்தில் போய், அங்கேயே மிதித்து ஏற்றுகிற ஆள். கியரை இறக்குவதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவர். வேண்டாம் மச்சான் என்றேன். கியரை இறக்கி ஓட்டுகிற அவர் தங்கை கேட்டிருந்தால், கிளட்ச்சுக்கு ஒரு பத்தாயிரம் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு போடச் சொல்லியிருப்பேன்.