டுபாயில் ஸ்போர்ட்ஸ் கார் தருகிறோம் என்று மட்டக்களப்பில் காசு வாங்குகிறார்கள்: கவனம்

வேலைக்காக டுபாய்க்கும் ஊருக்கும் மாறிமாறிப் போய்வருகிற மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். "அங்கே கார் ரெடி, காசை இங்கேயே ரூபாயாகக் கட்டுங்கள், போய் இறங்கினதும் சாவி கையில்" என்று ஒரு வியாபாரம் நம்முடைய டவுனில் நடக்கிறது. மாடியில் ஒரு சின்னக் கந்தோர், சுவரில் புர்ஜ் கலிஃபா படம், மேசையில் இரண்டு போன். ஆளுடைய பெயரை நான் போடவில்லை. விஷயம் இன்னும், நீதிமன்றம் போகுமுன் பிணக்கைப் பேசித் தீர்க்கிற மத்தியஸ்த சபையில் கிடக்கிறது. ஆனால் அந்தப் படியில் ஏறியவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று விளங்கும்.

எனக்குக் கடலில் வேலை. சில வாரம் கப்பலில், சில வாரம் டுபாயில், மிச்சம் கல்லடியில் வீட்டோடு. டுபாயில் நிற்கிற நாட்களில் டாக்சிக்கும் வாடகைக் காருக்கும் கொடுத்துக் களைத்துப்போய், சொந்தமாக ஒன்று எடுப்போம், எடுப்பதென்றால் ஓட்டுவதற்கு ஆசையான ஒன்றாக எடுப்போம் என்று முடிவு பண்ணினேன். இலங்கையில் அந்த ஆசைக்கு இடமே இல்லை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025இல்தான் திரும்பத் திறந்துவிட்டார்கள். வரியோடு சேர்த்துப் பார்த்தால் ஐந்து லீற்றர் இன்ஜின் என்பதைக் கனவிலும் தொட முடியாது. ஊரில் நான் ஓட்டுவது ஒரு பழைய பல்சர்.

வருடத்தில் பாதிக்கும் குறைவாக ஓட்டுகிறவனுக்குக் கார் தெரிவு செய்கிற கணக்கே வேறு. கார் ஓடுகிற நேரத்தை விட வெயிலில் நிற்கிற நேரம் கூட. ஜூலை, ஆகஸ்டில் அங்கே 45 பாகை சாதாரணம். பற்றறி இறங்கும், டயர் ஒரே இடத்தில் அமுங்கிக் கிடக்கும், தூசு படிந்த காரைப் பொதுத் தரிப்பிடத்தில் விட்டுப் போனால் மாநகரசபை தண்டமும் போடும். ஆகவே குதிரைவலுவைப் பார்ப்பதற்கு முன் ஏசி, ரேடியேட்டர், கம்பனி சேர்விஸ் மூன்றையும் பார்க்க வேண்டும். இங்கேதான் 'ஜிசிசி ஸ்பெக்' என்ற சொல் வருகிறது. வளைகுடா நாடுகளுக்கென்றே வெப்பம் தாங்குகிற மாதிரிக் குளிரூட்டல் அமைப்போடு வருகிற கார்கள் அவை. அதே மொடல் அமெரிக்கச் சந்தைக்கென்று செய்து அங்கே ஓடி வந்ததாக இருந்தால் விலை நன்றாகக் குறையும். குறைவதற்குக் காரணமும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

டர்போ வேண்டாம் என்பது என்னுடைய முதல் நிபந்தனை. டர்போ இன்ஜினுக்குள் அமுக்குகிற காற்று ஏற்கெனவே சூடானது. வெளியிலும் நெருப்பாக எரிந்தால், ஷார்ஜா வீதி நெரிசலில் நின்று நின்று போகும்போது இன்ஜினின் வலு இறங்கிக்கொண்டே போகும். அதனால் கோல்ஃப் ஜிடிஐயை விட்டேன். டொயோட்டா 86 கொஞ்ச நாள் மனசில் நின்றது. 200 குதிரைவலுதான், ஆனால் வளைவில் அதைத் திருப்புகிற சுகம் தனி. டுபாயில் வளைவு எங்கே இருக்கிறது? ஹத்தாவுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் ராஸ் அல் கைமா தாண்டி ஜெபல் ஜெய்ஸ் மலை ஏற வேண்டும். நிசான் 370இசட் புத்திசாலித்தனமான தெரிவு: 3.7 லீற்றர் வி6, டர்போ இல்லை, உதிரிப்பாகம் மூலைக்கு மூலை கிடைக்கும். இப்போதும் யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதில் இரண்டே இரண்டு சீட், கப்பலுக்குப் போகிற பையை வைத்தால் வேறு எதற்கும் இடமில்லை. கடைசியில் வந்து நின்றது ஃபோர்ட் மஸ்டாங் ஜிடி. 5.0 லீற்றர் வி8, அதாவது எட்டு சிலிண்டர், 2018 மொடலில் 460 குதிரைவலு. ஜிசிசி, வி8, விபத்து இல்லாதது. அந்தக் கந்தோரில் நான் கேட்டதும் இந்த மூன்றும்தான். தாளில் எழுதியே கொடுத்தேன்.

"தம்பி, இஞ்ச ஒரு பழைய வாகன்ஆர் விக்கிற காசுக்கு அங்க மஸ்டாங் ஓடலாம்" என்றார் கந்தோர்க்காரர். "நம்மட பொடியன்தான் ஷார்ஜாவில நிக்கிறான். ஒண்டுக்கும் யோசிக்காதீங்க." பிளேன்டீ வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன: சிவப்பு நிறம், பக்கவாட்டில் 5.0 என்ற எழுத்து, பின்னால் ஜிடி வட்டம். ஒரு வீடியோவும் வந்தது. சாவியைத் திருப்பினதும் வி8 உறுமுகிற சத்தம். படம் பிடித்தவர் காரின் முன்பக்கத்தைக் காட்டவேயில்லை, புகைக்குழாயை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார்.

சாசி இலக்கம் கேட்டேன். "அதெல்லாம் போனில அனுப்புறல்ல தம்பி, மறுகா யாரும் டூப்ளிகேட் அடிச்சிருவான்" என்றார். முல்கியா, அதாவது அங்கத்தைய பதிவு அட்டை, அதன் படத்தையாவது தாருங்கள் என்றேன். வந்தது. சாசி இலக்கம் இருக்கிற வரியின் மேல் ஒரு பெருவிரல். தயாரித்த நாடு அமெரிக்கா என்று போட்டிருந்தது, ஆனால் அதை வைத்து ஒன்றும் பிடிக்க முடியாது. மிச்சிகனில் உள்ள தொழிற்சாலையில்தான் எல்லா மஸ்டாங்கும் செய்கிறார்கள், ஜிசிசிக்கு வருவதும் அங்கிருந்துதான்.

முற்பணத்தை உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆள்கள் மூலம் காசு மாற்றுகிற வழியில், போடச் சொன்னார். மாட்டேன், வங்கியால்தான் போடுவேன் என்று நின்றேன். கொஞ்சம் முகம் சுருங்கி, பிறகு சரி என்று ஒரு கணக்கிலக்கம் தந்தார். பற்றுச்சீட்டும் தந்தார். முத்திரையெல்லாம் குத்தி, அழகான சீட்டு. மிச்சக் காசு காரைப் பார்த்த பிறகு என்று பேச்சு.

ஷார்ஜாவில் காரைக் காட்டியது மஃரிப் நேரம் கழிந்து, விளக்கு மங்கலான ஒரு தரிப்பிடத்தில். அந்தப் பொடியன் நல்ல மரியாதையான ஆள்தான். நாளைக்கே 'பாஸிங்', அதாவது வாகனப் பரிசோதனை, முடித்துப் பெயர் மாற்றலாம், இன்றைக்கு மிச்சத்தைக் கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். கராஜில் காட்டாமல் ஒரு திர்ஹாம் தரமாட்டேன் என்று சொல்லி, அவரையும் ஏற்றிக்கொண்டு இண்டஸ்ட்ரியல் ஏரியாவுக்கு விட்டேன். ஏறி உட்கார்ந்ததுமே சந்தேகம் தட்டியது. வேகமானியில் மைல் கணக்குப் பெரிதாகவும், கிலோமீற்றர் உள்ளே சின்னதாகவும் இருந்தது. கேட்டால் ஸ்பெஷல் எடிஷனாம். ரேடியோவைத் திருப்பினேன். 89.3 வருகிறது, 89.5 வருகிறது, நடுவில் 89.4 வரவேயில்லை. அமெரிக்க ரேடியோ ஒற்றைப்படைத் தசமங்களில் மட்டும்தான் தாவும். ஜிசிசி காரில் அப்படி நடக்காது. ஐந்து சதம் செலவில்லாமல் பார்க்கக்கூடிய சோதனை இது.

கராஜில் நின்றவர் அக்கரைப்பற்றுப் பக்கத்துத் தம்பி. பொனட்டைத் திறந்து இன்ஜின் மேல் கிடந்த கறுப்பு மூடியைத் தூக்கினார். நாலு சிலிண்டர். பக்கத்தில் டர்போ. "அண்ணன், இது ஜிடி இல்ல, இகோபூஸ்ட். 2.3. மறுகா, ஜிசிசியும் இல்ல" என்றார். மஸ்டாங்கிலேயே சின்ன இன்ஜின் போட்ட வகை, 310 குதிரைவலு. பக்கவாட்டு 5.0 எழுத்தை நகத்தால் நெம்பினார். ஒரு மூலை கழன்று, உள்ளே இரட்டைப் பக்கப் பசைநாடா தெரிந்தது. நான் கேட்டுவந்த மூன்றில் இரண்டு அங்கேயே போயிற்று.

மூன்றாவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. முன்கண்ணாடிக்கு உள்ளே, சாரதிப் பக்க மூலையில் 17 எழுத்துச் சாசி இலக்கம் இருக்கும். இதில் அந்த இடத்தின் மேல் பழைய பார்க்கிங் சீட்டு ஒன்றை ஒட்டியிருந்தார்கள். உரித்துப் பார்த்தோம். இந்தத் தலைமுறை மஸ்டாங்கில் எட்டாவது எழுத்து எஃப் என்றால் 5.0 வி8, எச் என்றால் 2.3 டர்போ. இதில் எச். பத்தாவது எழுத்து ஜே, ஆகவே 2018 மொடல் என்பது மட்டும் உண்மை. அந்த இலக்கத்தை இணையத்தில் தேடின உடனே அமெரிக்க ஏலப் படங்கள் வந்து விழுந்தன. அதே கார், ஆனால் வெள்ளை நிறம், முன்பக்கம் நசுங்கி ரேடியேட்டர் பின்னால் தள்ளியிருக்க, இரண்டு ஏர்பேக்கும் வெடித்துத் தொங்குகின்றன.

இப்படித்தான் இது வருகிறது: அமெரிக்காவில் காப்புறுதிக் கம்பனி 'இனித் திருத்திப் பிரயோசனமில்லை' என்று கழித்த கார்களை ஏலத்தில் எடுத்து, கொள்கலனில் ஏற்றி வளைகுடாவில் இறக்கி, தட்டி, நிறமடித்து விற்கிறார்கள். ஒழுங்காகத் திருத்தி, உள்ளதைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்கிற வியாபாரிகளும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை.

என் வயிற்றைக் கலக்கியது ஏர்பேக் விஷயம். எந்தக் காரிலும் சுவிட்சைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். இதில் அது எரியவே இல்லை. பழுது தெரியாமல் இருக்க விளக்கையே செயலிழக்கச் செய்திருக்கிறார்கள். அந்தத் தம்பி டாஷ்போர்டின் பயணி பக்கத்தைப் பெருவிரலால் அழுத்திக் காட்டினார். மற்றப் பக்கத்தில் கல்லு மாதிரி இருக்கிற தோல், அங்கே மட்டும் மெத்தென்று உள்ளே போனது. கீழே பை இல்லை, வெறும் மூடிதான். சீட் பெல்ட்டின் அடியில் தயாரித்த மாதமும் வருடமும் அச்சடித்த சீட்டு ஒன்று இருக்கும். சாரதிப் பக்கத்து பெல்ட்டில் அதை வெட்டியெடுத்திருந்தார்கள். இந்தக் காரில்தான் என் மனுசியையும் பிள்ளையையும் விசிட் விசாவில் கூப்பிட்டு ஏற்றப் பார்த்தேன்.

கூட வந்த பொடியன் இதற்கிடையில் போனில் பேசுவதுபோல வெளியே போய்விட்டார். பிறகு வந்து, "அண்ணன், எனக்கு ஒண்டும் தெரியா, நான் கார் காட்டுறதுக்கு மட்டும்தான்" என்றார். உண்மையாகவும் இருக்கலாம். சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஊருக்கு வந்து கந்தோர்க்காரரிடம் முற்பணத்தைக் கேட்டபோதுதான் அந்த அழகான பற்றுச்சீட்டின் வேலை தெரிந்தது. அதில் 'வாகனம்' என்ற சொல்லே இல்லை. 'வெளிநாட்டுப் பயண ஆலோசனைச் சேவைக் கட்டணம்' என்று எழுதியிருக்கிறது. "தம்பி, ஆலோசனை தந்தம்தானே? காரையும் காட்டினம்தானே? புடிக்கல்லை எண்டு நீங்கதான் வந்தீங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான் எழுதிக்கொடுத்த தாளைக் காணவில்லையாம். நல்ல வேளை, கொடுக்கும்போதே போனில் படம் எடுத்துவைத்திருந்தேன். வாட்ஸ்அப்பில் 'ஜிசிசி வி8 ஜிடி' என்று அவரே அனுப்பிய குரல்பதிவும் இருக்கிறது. பொலிசில் முறைப்பாடு போட்டேன், அதை எழுதிக்கொண்டார்கள். கார் ஒரு நாட்டில், காசு ஒரு நாட்டில் என்பதால் அங்கத்தைய பொலிசுக்கும் சொல்ல எனக்கு வழியில்லை: அங்கே நான் எதுவும் வாங்கவில்லை, ஒரு திர்ஹாமும் கொடுக்கவில்லை. இந்த வியாபாரத்தின் சூட்சுமமே அதுதான்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு அழைத்தும் முறைப்பாடு கொடுக்கலாம், நான் கொடுத்திருக்கிறேன். மத்தியஸ்த சபை அழைத்த நாளில் அவர் வரவில்லை, காய்ச்சலாம். ஆனால் அடுத்த கிழமை என் மாமா ஒருவர் நேரே போய்ப் பேசியதும் முற்பணத்தில் ஒரு பங்கை வங்கியில் போட்டார். பெரும்பகுதி இன்னும் நிற்கிறது. இணக்கம் வராவிட்டால் சபை தருகிற சான்றிதழை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போகலாம் என்று சட்டத்தரணி சொல்கிறார். போவேன்.

கார் வாங்கத்தான் வேண்டுமென்றால் அங்கே போய், பகல் வெளிச்சத்தில், விற்கிறவரோடு எமிரேட்ஸ் ஐடியை வைத்துக்கொண்டு பெயர் மாற்றுகிற இடத்தில்தான் காசைக் கொடுங்கள். வதிவிட விசா இல்லாமல் உங்கள் பெயரில் பதியவே முடியாது. விசிட்டில் நிற்கிறவருக்கும் கார் தருகிறோம் என்று இவர்கள் சொல்வதைக் கேட்டேன், அந்தக் கார் வேறொருவர் பெயரில்தான் ஓடும். இலங்கை லைசன்சை அங்கே அப்படியே மாற்றித் தரவும் மாட்டார்கள். வேகத் தண்டமெல்லாம் பதிவுக்காரர் தலையில் விழும் என்பதால் பிறகு அந்தச் சண்டை வேறு. டுபாயில் எல்லையைத் தாண்டி மணிக்கு 20 கிலோமீற்றர் வரை கமரா விடும் என்று பழகியவர்கள், அபுதாபி பக்கம் போனதும் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே அந்தச் சலுகையை 2018இலேயே எடுத்துவிட்டார்கள். அமெரிக்கக் கழிவுக் காருக்குப் பல கம்பனிகள் முழுக் காப்புறுதியும் தராது என்பதை விலை பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் இப்போது திரும்பவும் மாத வாடகைக்குத்தான் எடுக்கிறேன். ஒரு நிசான் சன்னி. ஏசி ஐஸ் மாதிரி அடிக்கிறது.

போன வாரம் களுவாஞ்சிக்குடியில் ஒரு தம்பிக்கு அதே சிவப்புக் காரின் படங்கள் வந்திருக்கின்றன. இந்த முறை அது மஸ்டாங்கிலேயே இன்னும் வலுக்கூடிய ஷெல்பியாம், விலையும் ஏறியிருக்கிறது. உங்களுக்கும் படம் வந்திருந்தால், அல்லது அந்தக் கந்தோருக்கு 'ஆலோசனைக் கட்டணம்' கட்டிய சீட்டு கையில் இருந்தால், எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். சீட்டுகளை ஒன்றாகச் சேர்த்து முறைப்பாடு போடுகிறோம், இதுவரை என்னோடு சேர்த்து மூன்று பேர் இருக்கிறோம்.